மலை என்னும் தீவு

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், கோபிசெட்டிபாளையத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் ஓர் இலக்கிய அவையில் மாட்டைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். பொருந்தும் என்பதற்குத் தமிழே சான்று. மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றொரு பொருள் உண்டு. கல்வியின் சிறப்பைப் பேசும் அதிகாரத்தில் வள்ளுவர் அச்சொல்லை அப்பொருளிலேயே ஆண்டிருக்கிறார். முல்லைத் திணை ஆயர்களின் திணை. ஆநிரை கவர்தல் வெட்சி, மீட்டல் கரந்தை எனப் புறத்திணை மாட்டுப்பட்டியிலிருந்தே தொடங்குகிறது. சங்கப் புலவர்கள் கொங்கரைச் சுட்டும்போது அவர்தம் ஆநிரைகளையும் சேர்த்தே சுட்டினர். ஆகவே கொங்கு மண்ணில் நடைபெறும் விழா ஒன்றில் மாட்டைப் பற்றிப் பேசுவது பழைய மரபைத் தொடர்வதே ஆகும்.

இங்கே பேசப்படுவது பர்கூர் மலைமாடு. காங்கயம் காளையைப் பாடாத கொங்குக் கவிஞர் அரியர். காங்கயத்துக்குச் சிலை உண்டு, சின்னம் உண்டு, சந்தை உண்டு. கோபியின் வடக்கு வானில் நீலக் கோடாகத் தெரியும் மலைத்தொடரின் மறுபுறத்தில் மேயும் பர்கூர் மாட்டுக்கோ ஈரோட்டைத் தாண்டினால் பெயர்கூட இல்லை. அந்த மாட்டினம் இன்று எந்த நிலையில் நிற்கிறது, அதைக் காப்பது என்றால் எதைக் காப்பது என்னும் இரண்டு கேள்விகளே இவ்வுரையின் பொருள்.

மலையும் மாடும்

கோபியிலிருந்து வடகிழக்கே அத்தாணி வழியாக அந்தியூர் செல்லலாம். அங்கிருந்து வறட்டுப்பள்ளம் அணையைக் கடந்து மலையேறும் சாலை தாமரைக்கரையைத் தொட்டு, பர்கூரைத் தாண்டி, கருநாடக எல்லையை நோக்கிச் செல்லும். ஒருபுறம் சத்தியமங்கலம் காடுகள். வடக்கே மாதேசுவரன் மலைக் காடுகள். கீழே சமவெளியின் நெல்லும் மஞ்சளும் கரும்பும். மலைமேல் வாழ்வோர் கன்னடம் பேசும் லிங்காயத்து மக்களும் சோளகர் பழங்குடியினரும் ஆவர். சமவெளியின் வாழ்க்கை வேறு, மலையின் வாழ்க்கை வேறு. கடல் சூழாவிட்டாலும் இம்மலையைத் தீவு என்று சொல்லத் தடையில்லை.

தீவில் அடைபட்ட உயிர், தீவுக்கு ஏற்ற உருவம் கொள்ளும். பர்கூர் மாடு அப்படி உருக்கொண்டது. செந்நிற உடலில் வெள்ளைத் திட்டுகள் சிதறியிருக்கும். நிறத்தில் விழும் இத்தகைய திட்டை மறை என்பது மாட்டுக்காரர் வழக்கு. அதனால் இம்மாட்டைச் செம்மறை என்பர். உடல் பெரிதன்று, கட்டுடல். கொம்புகள் அடியில் நெருங்கித் தொடங்கி, பின்னோக்கிச் சாய்ந்து, மேலெழுந்து கூர்மையாக முடியும். செங்குத்தான சரிவிலும் உருளும் கல்லிலும் கால் தவறாது நடக்கும். விரைந்து ஓடுவதிலும், களைப்பின்றி நெடுந்தொலைவு செல்வதிலும் இதற்கு நிகரில்லை என்று கால்நடை நூலோர் ஆங்கிலேயர் காலத்திலேயே குறித்துவைத்தனர். பழக்குவதற்கு இதைவிடக் கடினமான மாடும் இல்லை என்று குறித்தவர்களும் அவர்களே.

அந்தக் கடினத்துக்குக் காரணம் உண்டு. பர்கூர் மாடு வீட்டு மாடு என்று சொல்லும்படி வளர்வதில்லை; முழுக்கக் காட்டு விலங்கும் அன்று. இரண்டுக்கும் இடைப்பட்டது அதன் வாழ்வு. ஊரில் கட்டுத்தறியில் நின்று, தீவனமும் பிண்ணாக்கும் தின்று, மனிதக் கையின் தடவலில் வளரும் மாடு எளிதில் நுகத்துக்கு வரும். பர்கூர் மாடோ காட்டுக்குள் அமைத்த பட்டிகளில் வளர்கிறது. பல வீட்டாரின் மாடுகளும் ஒரே பட்டியில் சேர்ந்திருக்கும். காவலுக்கு ஓரிருவர் அங்கேயே தங்குவர். விடிந்ததும் மந்தை காட்டில் மேயப் போகும். இளங்கன்றுகள் பட்டியில் நிற்கும். மாலையில் தாய்மாடுகள் கன்றைத் தேடித் தாமே திரும்பும். அந்த மாடு அறிந்த மனிதர் பட்டிக்காரர் மட்டுமே. அவர் குரலுக்குத் திரும்பும். வேற்றாள் நெருங்கினால் கொம்பைத் தாழ்த்தும்.

புலியும் சிறுத்தையும் உலவும் காட்டில் வாழும் மாட்டுக்கு அந்த வெருட்சி குறையாகாது. அந்த வெருட்சியால்தான் அது உயிரோடிருக்கிறது. கோடையில் காய்ந்த புல்லையும் இலை தழையையும் தின்று தாங்குவதும், நோயைப் பெரும்பாலும் தானே கடப்பதும் அந்த வாழ்வு கொடுத்த ஆற்றல்களே.

பால் கணக்கில் பார்த்தால் பர்கூர் மாடு தோற்றுவிடும். நாளொன்றுக்கு ஒன்றிரண்டு லிட்டர் கறந்தாலே மிகுதி. அதுவும் கன்று குடித்தது போக. அந்தப் பாலுக்கு மருந்துக் குணம் உண்டு என்பது மலைமக்களின் நம்பிக்கை. ஆனால் இம்மாட்டை மக்கள் பாலுக்காக வளர்க்கவில்லை. எருதுக்காக வளர்த்தனர், எருவுக்காக வளர்த்தனர். கல்லும் கரடுமான மலைநிலத்தில் ராகிக்கு உழுதது இந்த எருது. மலையேறும் பாதையில் வண்டியிழுத்ததும் இதுவே. பட்டியில் ஆண்டு முழுதும் சேரும் சாணத்தைச் சமவெளி உழவர்கள் விலை கொடுத்து வாங்கினர். மலைப்புல் பட்டியில் எருவாகி, எரு வண்டியேறிக் கீழே வந்து, மஞ்சளாகவும் நெல்லாகவும் விளைந்தது. மலைக்கும் சமவெளிக்கும் இடையே மாடு ஒரு பாலமாக இருந்தது.

தேய்ந்த கதை

இந்தப் பாலம் ஒரே நாளில் உடைந்துவிடவில்லை. கொங்கு நாட்டில் கவலை ஏற்றத்தை மின்மோட்டார் நீக்கியபோது முதல் கல் பெயர்ந்தது. டிராக்டர் வந்தபோது இன்னொன்று பெயர்ந்தது. லாரி மலையேறியதும் வண்டி மாட்டுக்கு வேலை குறைந்தது. எருதுக்குத் தேவை குறைந்தால் எருது விலை குறையும். விலை குறைந்தால் பசு பெருக்குவதில் ஆர்வம் குறையும். பால் கூட்டுறவுகள் பெருகிய காலத்தில் ஜெர்சியும் கலப்பின மாடும் ஊர்தோறும் நுழைந்தன. இரண்டு லிட்டர் கறக்கும் மாட்டைக் கட்டிப் பத்து லிட்டர் கறக்கும் மாட்டோடு போட்டியிட ஏழைக் குடியானவரால் இயலுமா?

இது எல்லா நாட்டு மாடுகளுக்கும் நேர்ந்த கதைதான். உம்பளாச்சேரி, புலிகுளம், ஆலம்பாடி என ஒவ்வொன்றும் இதையே சொல்லும். ஆட்டினங்களிலும் நீலகிரிக் கம்பளி ஆட்டின் கதை ஏறத்தாழ இதுவே. ஐரோப்பிய ஆடுகளையும் கோவை நாட்டு ஆட்டையும் கலந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவான அந்த ஆட்டின் மந்தைகள், மேய்ச்சல் நிலங்கள் மரத்தோட்டமும் தேயிலையும் ஆனபின் சுருங்கின; சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையமே இன்று அதன் முதன்மைப் புகலிடம். ஆயினும் பர்கூர் மாட்டுக்கு மற்றவற்றுக்கு இல்லாத ஓர் இடர் உண்டு. அதைக் காங்கயத்தோடு ஒப்பிட்டால் விளங்கும்.

காங்கயம் வட்டாரத்தில் கொறங்காடு என்றொரு நிலவகை உண்டு. சுற்றிலும் கிளுவை முள்வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். இடையிடையே வெள்வேல மரங்கள். குடும்பம் குடும்பமாக அதைப் பேணி, மாட்டை உள்ளே விட்டு மேய்ப்பர். காங்கயம் மாட்டின் மேய்ச்சல் நிலத்துக்கு உரிமையாளர் உண்டு, பட்டா உண்டு, வேலி உண்டு. மாட்டின் மேல் பற்றுள்ள குடியானவர் ஒருவர் இருக்கும் வரை, பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தைப் போன்ற புரவலர் இருக்கும் வரை, அந்த மாடு மேய இடமிருக்கும். பர்கூர் மாட்டின் மேய்ச்சல் நிலமோ காடு. காட்டுக்கு உரிமையாளர் அரசு. மாடு யாருடையது என்பதில் ஐயமில்லை. அது தின்னும் புல் யாருடையது என்பதில்தான் வழக்கு.

1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காட்டை எல்லையிட்ட நாளிலிருந்தே அந்த வழக்கு தொடங்கியது. எல்லைக்குள் மேய்ப்பது அனுமதிக்கு உட்பட்டது. அனுமதி கொடுப்பதும் குறைப்பதும் துறையின் கையில். பிறகு 1990-களில் வேறோர் இருள் சூழ்ந்தது. வீரப்பனைத் தேடி அதிரடிப்படை காடுகளில் முகாமிட்ட ஆண்டுகளில், இரவில் காட்டுக்குள் தங்குவதே ஆபத்தாயிற்று. காட்டில் இருப்பவருக்கு இருபுறமும் அச்சம். அந்த ஆண்டுகளில் மலைமக்கள் பட்ட துயரைத் தமிழ் இலக்கியம் அறியும். பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ நாவல் (2004) அதன் சாட்சியாக நிற்கிறது. மனிதர் தங்க இயலாத இடத்தில் பட்டி எப்படி நிற்கும்? தேடுதல் 2004-இல் முடிவுக்கு வந்தது. ஆனால் ஒருமுறை கலைந்த பட்டியை மீண்டும் கூட்டுவது எளிதன்று. பட்டிக்குக் காவலிருக்கும் திறம் தந்தையிடமிருந்து மகனுக்குப் போவது. இடையில் ஒரு தலைமுறை அறுந்தால் கற்றுக்கொடுக்க ஆள் இல்லாமற் போகும்.

இரண்டு தீவுகள் சொல்லும் பாடம்

அழியும் தறுவாயிலுள்ள அரைக்காட்டு விலங்கினத்தை எப்படிக் காப்பது என்னும் கேள்வி கொங்கு நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஸ்காட்லாந்தின் கடலில் இரண்டு தீவுகள் இதற்கு இருவேறு விடைகளைத் தந்துள்ளன. அவை ஆட்டுத் தீவுகள். பர்கூர் மலைக்கும் அவற்றுக்கும் இடையே கடல்கள் பல இருந்தாலும், அவற்றின் கதை இங்கே பயன்படும்.

முதலாவது செயின்ட் கில்டா. அட்லாண்டிக் பெருங்கடலில் தனித்துக் கிடக்கும் சிறு தீவுக்கூட்டம். அதிலொரு தீவின் பெயர் சோவே. பழைய நார்வே மொழியில் அதற்கு ஆட்டுத் தீவு என்பது பொருள். அங்கே சிறிய, கருஞ்செம்மை நிற ஆட்டினம் ஒன்று பல நூற்றாண்டுகளாகத் தானாக வாழ்ந்தது. பெருந்தீவான ஹிர்ட்டாவில் வாழ்ந்த மக்கள் வறுமையாலும் தனிமையாலும் தளர்ந்து, 1930 ஆகஸ்டில் எஞ்சிய 36 பேரும் ஊரைக் காலி செய்துகொண்டு கப்பலேறினர். 1932-இல் சோவே தீவின் ஆடுகளில் 107 ஆடுகள் ஹிர்ட்டாவுக்குக் கொண்டுவந்து விடப்பட்டன. அன்றிலிருந்து அவற்றுக்கு மேய்ப்பவர் இல்லை. தீவனம் இடுவாரும் இல்லை. அறிஞர்கள் 1985 முதல் அவற்றை இடைவிடாது ஆராய்கின்றனர். ஆடுகள் பெருகும், புல் தீரும், கடுங்குளிரில் பெருந்தொகையாகப் பட்டினியால் மடியும், எஞ்சியவை மீண்டும் பெருகும். இனம் நிலைத்தது. அறிவியலுக்கு அது ஒரு புதையல். ஆயினும் அங்கே ஆடு மட்டுமே உண்டு, ஆயர் இல்லை. கைவிடப்பட்ட கல்வீடுகளின் இடையே அவை மேய்கின்றன.

இரண்டாவது, ஆர்க்னித் தீவுகளின் வடகோடியிலுள்ள நார்த் ரொனால்ட்சே. அங்கே 1832-இல் தீவைச் சுற்றிலும் கல்மதில் ஒன்று கட்டப்பட்டது. இருபது கிலோமீட்டர் அளவு நீளம், ஆள் உயரம். மதிலுக்கு உள்ளே பயிர். மதிலுக்கும் கடலுக்கும் இடையே ஆடு. கரையில் விடப்பட்ட அந்த ஆடுகள் கடற்பாசியைத் தின்று வாழக் கற்றன. அலை இறங்கும் நேரமறிந்து பாசி மேயச் செல்லும். தலைமுறை தலைமுறையாக அவற்றின் உடல் பாசிக்கு ஏற்ப மாறியது. பாசி உணவில் செம்புச் சத்து கிடைப்பது அரிதாகையால், கிடைக்கும் சிறிதளவையும் இழுத்துக்கொள்ளும் திறம் அவற்றுக்கு வாய்த்தது. அதே ஆட்டை வேற்றிடத்தில் நல்ல புல்வெளியில் விட்டால், அந்தச் செம்பே நஞ்சாகிக் கொல்லக்கூடும். வளமான மேய்ச்சலே அதற்கு ஆபத்து!

அந்த மதிலைப் பேணுவது ஊரார் கூட்டுப் பொறுப்பு. ஆடுகளைச் சேர்த்து வளைத்துப் பட்டிக்குக் கொண்டுவருவதும் கூட்டு வேலை. தீவில் மக்கள் தொகை குறைந்து ஐம்பது அறுபது பேரளவில் வந்தபின், புயலில் சரியும் மதிலை எடுத்துக் கட்ட ஆள் போதவில்லை. வெளியிலிருந்து தொண்டர்கள் வந்து கல்லடுக்கினர். 2019-இல் மதிலைப் பேணுவதற்கென்றே ஊதியம் பெறும் காவலர் ஒருவரைத் தேடி விளம்பரம் வெளியாயிற்று. அருகிய இனங்களைக் காக்க 1973-இல் தொடங்கப்பட்ட பிரிட்டிஷ் அறக்கட்டளை, நோய் ஏதேனும் வந்து தீவின் மந்தை அழிந்தால் விதைக்காவது மிஞ்சட்டும் என்று ஒரு பகுதி ஆடுகளை அடுத்தாண்டே வேறொரு சிறு தீவில் குடியேற்றியது. அது அறிவுடைய செயல். ஆயினும் முதன்மையான மந்தை இன்றும் மதிலின் வெளிப்புறத்தில், கடற்பாசியின் மேல்தான் வாழ்கிறது. மதில் இருக்கும் வரையே அந்த ஆடு அந்த ஆடாக இருக்கும்.

தமிழ் வழங்கும் நிலத்திலும் தீவு விலங்கு உண்டு. யாழ்ப்பாணத்துக்கு அப்பால் நெடுந்தீவில் திரியும் குதிரைகள், ஐரோப்பியர் ஆண்ட காலத்தில் வளர்க்கப்பட்டவற்றின் வழிவந்தவை என்பர். கடும் வறட்சியில் நீரின்றி அவை மடிந்த செய்திகள் வந்ததுண்டு. மனிதன் கொண்டுவந்து, பயன் தீர்ந்தபின் காட்டுக்கு விட்ட விலங்குக்கு, வறட்சிக் காலத்தில் தண்ணீர் வைக்கும் கடமை யாருடையது?

இந்தத் தீவுகளை ஒன்றாக வைத்து எண்ணினால் ஓருண்மை தெளியும். ஓர் இனம் என்பது உடலின் நிறமும் கொம்பின் வளைவும் மட்டும் ஆகாது. ஓரிடத்தோடும் ஒரு மக்களோடும் அது கொண்ட உறவே இனம். பாசியும் மதிலும் ஊராரும் சேர்ந்ததே ரொனால்ட்சே ஆடு. அதேபோல் காடும் பட்டியும் பட்டிக்காரரும் சேர்ந்ததே பர்கூர் மாடு.

நிலையமும் பட்டியும்

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பர்கூர் மலையிலேயே இம்மாட்டினத்துக்கென ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைத்திருப்பது பாராட்டுக்குரியது. தேர்ந்த பொலிகாளைகளைப் பேணுவதும், உறைவிந்து சேமிப்பதும், இனத்தூய்மையை அளந்தறிவதும் தேவையான பணிகள். மலையில் நல்ல காளைக்கன்றுகள் எருதாக விலைபோய்க் காயடிக்கப்பட்டுவிட்டால், எஞ்சும் சில காளைகளே எல்லாப் பசுக்களுக்கும் தந்தையாகும். நாளடைவில் நெருங்கிய இரத்தக் கலப்பால் இனம் நலியும். அதைத் தடுக்க நிலையம் வேண்டும். ரொனால்ட்சே ஆட்டுக்கு மற்றொரு தீவு காப்பீடாக அமைந்ததுபோல் நிலையம் பர்கூர் மாட்டுக்குக் காப்பீடு.

காப்பீட்டை வைத்துக்கொண்டு வீட்டை எரியவிடுதல் தகாது. திரவ நைட்ரஜனில் உறைந்திருக்கும் விந்து எத்தனை ஆண்டானாலும் கெடாது. ஆனால் அதிலிருந்து பிறக்கும் கன்று கட்டுத்தறியில் வளர்ந்தால், சரிவில் கால் வைக்கும் விதத்தை யாரிடம் கற்கும்? எந்த இலையைத் தின்னலாம், எதைத் தவிர்க்கவேண்டும், சிறுத்தையின் வாடை வந்தால் மந்தை எப்படிக் கூடி நிற்கவேண்டும் என்பவற்றைத் தாயிடமும் மந்தையிடமும் அன்றி வேறெங்கும் கற்க இயலாது. நாலைந்து தலைமுறை தறியில் வளர்ந்த செம்மறைக்கு நிறம் மிஞ்சும். பர்கூர் மாடு மிஞ்சாது.

காட்டின் பக்கமும் நியாயம் உண்டு

இங்கே ஒருதலையாகப் பேசுவது முறையாகாது. காடு மாட்டுக்கு மட்டும் உரியதன்று. அளவுக்கு மிஞ்சி மேய்ந்தால் மானுக்கும் காட்டெருமைக்கும் புல் இருக்காது. கோமாரி போன்ற நோய்கள் ஊர் மாட்டிலிருந்து காட்டு விலங்குக்குத் தொற்றும். மாட்டைப் புலி அடித்தால் சினங்கொண்ட ஒருவர் இறைச்சியில் நஞ்சு வைக்கவும் கூடும். வனத்துறை தடை கேட்பதற்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை.

2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகள் அனைத்திலும் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. எதிர்ப்பு எழவே, அம்மாதத்திலேயே அத்தடையைத் தேசியப் பூங்காக்கள், வனவிலங்குச் சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் என்னும் அளவில் சுருக்கியது. அன்று பர்கூர் மலை அந்த மூன்றிலும் சேராததால் பட்டிக்காரர்கள் மூச்சு விட்டனர். 2024 சனவரியில் அந்தியூர், கோபிசெட்டிபாளையம் வட்டங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 80,000 ஹெக்டேர் காடு தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தடையின் எல்லை பட்டியின் வாசலுக்கு வந்துவிட்டது. மலைமக்கள் எதிர்ப்புக் குரல் எழுப்பினர். அந்தச் சரணாலயத்தின் ஒரு பகுதி கோபி வட்டத்துக்கும் உரியது என்பதை இந்த அவை மனங்கொள்ள வேண்டும். இது மலைக்கு அப்பால் நடக்கும் செய்தி ஆகாது.

சட்டத்தில் வழி இல்லையா? உண்டு. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டைச் சார்ந்து வாழும் மக்களின் மேய்ச்சல் உரிமையைப் பெயர் சொல்லி ஏற்கிறது. பழங்குடியினர் மட்டுமன்றி, 2005 திசம்பருக்கு முன் மூன்று தலைமுறையாக, அதாவது 75 ஆண்டுகளாகக் காட்டில் வாழ்ந்ததை நிறுவும் பிற மக்களும் அவ்வுரிமையைக் கோரலாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் தேசியப் பூங்காவுக்கு ஒரு விதி, சரணாலயத்துக்கு ஒரு விதி என்று வேறுபடுத்தியே வைத்திருக்கிறது. பூங்காவில் மேய்ச்சலுக்கு இடமில்லை. சரணாலயத்தில் வனவிலங்கின் நலனுக்கு ஏற்ப மேய்ச்சலை ஒழுங்குபடுத்தவும் கட்டுப்படுத்தவும் தடுக்கவும் தலைமை வனவிலங்குக் காப்பாளருக்கு அதிகாரம் உண்டு. ஒழுங்குபடுத்துதல் என்ற சொல் அங்கே வீணாக வைக்கப்படவில்லை.

எந்தப் பட்டி எந்தப் பள்ளத்தில், எத்தனை மாடு, எந்த மாதங்களில், எந்த வழியாக என்று ஊராரும் துறையும் உட்கார்ந்து எழுதிக்கொள்ள இயலும். மாடுகளுக்குத் தடுப்பூசி கட்டாயமாக்கலாம். புலி அடித்த மாட்டுக்கு இழப்பீடு காலத்தில் கிடைத்தால் நஞ்சு வைக்கும் கை தாழும். வேற்றூர் மந்தைகளையும் கலப்பின மாடுகளையும் காட்டுக்குள் விடாமல், பர்கூர் இனத்துக்கு மட்டும் இடமளிக்கலாம். காட்டில் உண்ணிச்செடி புதராக மண்டிப் புல்லை மூடியிருக்கும் இடங்களை மலைமக்களைக் கொண்டே களைந்தால் மானுக்கும் மாட்டுக்கும் மேய்ச்சல் பெருகும். காட்டில் தங்கியிருக்கும் பட்டிக்காரர், தீ மூண்டாலும் திருடர் நுழைந்தாலும் முதலில் காண்பவர். அவரை வெளியேற்றிவிட்டுக் காவலர் எண்ணிக்கையைக் கூட்டுவது எவ்வகைக் கணக்கு?

2017 சனவரியில் தமிழகம் முழுவதும் நாட்டு மாட்டுக்காக எழுந்து நின்றது. ஏறுதழுவுதலைக் காக்க வந்த சட்டத் திருத்தம், நாட்டுக் காளை இனங்களின் வாழ்வையும் நலனையும் காரணமாகக் காட்டியது. 2023 மே மாதத்தில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. வாடிவாசலில் நிற்கும் காளைக்கு எழுந்த குரலில் பத்தில் ஒரு பங்கேனும் பட்டிவாசலில் நிற்கும் பசுவுக்கு எழவில்லை. காளையை ஈன்றது அந்தப் பசுவே அன்றோ?

சொல்லும் ஒரு மந்தை

இனி, கவிஞர்கள் கூடிய இவ்வவைக்கு உரிய செய்தி ஒன்று. ஓர் இனம் மறையும்போது அதனோடு ஒரு சொற்கூட்டமும் மறைகிறது. மயிலை, செவலை, காரி, மறை என்று மாட்டின் நிறத்துக்குக் கொங்கு வழக்கில் உள்ள சொற்கள் நிறப்பெயர்களாக மட்டும் நில்லாமல், மாட்டின் குணத்தையும் சுட்டி வந்தன. மந்தையை அழைக்கும் ஒலி, திருப்பும் ஒலி, நிறுத்தும் ஒலி, ஒவ்வொரு மாட்டுக்கும் இட்ட பெயர், மேய்ச்சல் இடத்துக்கும் நீர்த்துறைக்கும் வழங்கும் பெயர், மடியில் வரும் நோய்க்கும் குளம்பில் வரும் புண்ணுக்கும் உரிய பச்சிலைகளின் பெயர் என்று பட்டிக்காரரின் நாவில் ஒரு நிகண்டு இருக்கிறது. அது கன்னடமும் தமிழும் கலந்த நிகண்டு, எழுதப்படாதது. பட்டி கலைந்தால் அந்தச் சொற்களைச் சொல்லவேண்டிய தேவையே இல்லாமற் போகும். தேவையற்ற சொல்லை எந்த அகராதியும் உயிர்ப்பிக்காது.

பெருமாள்முருகன் தொகுத்த கொங்கு வட்டாரச் சொல்லகராதி 2000-இல் வெளிவந்தது. வெள்ளாடு மேய்க்கும் சிறுவர்களின் உலகை அவருடைய ‘கூளமாதாரி’ நாவல் எழுத்தில் நிறுத்தியது. சமவெளிக் கொங்குக்கு அத்தகைய பதிவுகள் வாய்த்திருக்கின்றன. மலைக்கொங்கின் மாட்டுமொழி இன்னும் எழுத்தேறக் காத்திருக்கிறது. பல்கலைக்கழகம் விந்தைச் சேமிக்கும். சொல்லைச் சேமிப்பது இலக்கிய வட்டங்களின் வேலை. பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இந்த வட்டம் அப்பணியை மேற்கொள்ளலாம். ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் அந்தியூர்க் குருநாதசாமி கோயில் திருவிழாவில் குதிரைகளும் மாடுகளும் கூடும் பெருஞ்சந்தை நடைபெறுகிறது. மலைமாடும் மலைமக்களும் கீழே வரும் நாட்கள் அவை. தாளும் எழுதுகோலும் ஒலிப்பதிவுக் கருவியுமாக உறுப்பினர் சிலர் அங்கே சென்றாலே தொடக்கம் ஆகிவிடும். கன்னடம் அறிந்தவர் ஒருவர் உடனிருப்பது நலம். பட்டிக்காரர் அனுமதித்தால் தாமரைக்கரைக்கும் தேவர்மலைக்கும் மேலேறிச் சென்று மீதியைக் கேட்கலாம்.

கேட்டு வருவதோடு கடமை தீர்ந்துவிடாது. கேட்ட சொற்களை அச்சிட்டு, முதல் படியை அந்த மக்களிடமே கொடுக்கவேண்டும். காட்டில் மூன்று தலைமுறையாக வாழ்ந்ததற்குச் சான்று என்ன என்று நாளை ஓர் அலுவலர் கேட்கும்போது, பள்ளம்தோறும் பாறைதோறும் முன்னோர் இட்ட பெயர்கள் அடங்கிய அந்தச் சுவடியும் மனுவோடு இணைக்கப்படலாம். கவிதைக்காகச் சேர்த்த சொல் மேய்ச்சல் உரிமைக்கும் துணை நிற்கும்.

மலையில் இன்னும் பட்டிகள் இருக்கின்றன. மாலையில் கன்றை நினைத்துத் திரும்பும் செம்மறைப் பசுக்களும், அவற்றைப் பெயர் சொல்லி அழைக்கும் முதியவர்களும் இருக்கின்றனர். அடுத்த பத்தாண்டு நிறைவு விழாவில் இதே பொருளை மறைந்துபோன ஒன்றுக்கான இரங்கற்பாவாகப் பாட நேராமல் பார்த்துக்கொள்ளுதல் கொங்கு நாட்டார் கடன்.